ஒளியும் ஆடியும் – 7: மங்கலின் மூலகாரணம்

நெடுந்தூரத்துப் பொருளைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தும் ஜூம் லென்ஸ் ஒன்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, மரக்கிளையில் அமர்ந்த நத்தைக்குத்தி நாரையைப் படமெடுத்து, வீடு திரும்பிக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கையில், இறகின் இழை ஒன்றும் பிரிந்து தெரியாமல் எல்லாம் பஞ்சுபோல் மங்கிக் கிடப்பதைக் காணும் அன்பர்கள், முதலில் பழி சுமத்துவது அந்த லென்ஸின் மீதுதான். அது அவசரத் தீர்ப்பு என்பது என் திடமான அபிப்பிராயம். படத்தை நிதானமாகப் பரிசீலித்தால், மங்கலின் ஜாடையே அதன் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒளிப்புள்ளிகள் யாவும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கையின் அசைவு. 400 மி.மீ. லென்ஸுக்கு 1/400 வினாடியாவது வேண்டும் என்ற பழைய விதி, சிறிய சென்சார் உள்ள காமிராக்களில் 1/600 என்று கடுமையாகிவிடுகிறது. பறவை மங்கி, முன்னோ பின்னோ உள்ள சுள்ளி மட்டும் துல்லியமாக விழுந்திருந்தால் அது ஃபோகஸ் பிசகு. எஃப் 5.6 திறப்பில், முழு அளவு சென்சாரில், 10 மீட்டர் தூரத்துப் பொருளுக்கு இந்த லென்ஸ் தரும் தெளிவின் ஆழம் சுமார் 20 செ.மீ. மாத்திரமே; 5 மீட்டருக்கு நெருங்கினால் 5 செ.மீ. ஆகக் குறுகிவிடும். டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் ஃபோகஸை நிர்ணயிக்கும் உறுப்பு சென்சாருக்குப் புறம்பாக, தனியே இருப்பதால், இரண்டுக்குமிடையே சிறிது பேதம் நேர்ந்தாலும் ஒவ்வொரு படமும் ஒரே பக்கமாகப் பிசகும். லைவ் வியூவில் எடுத்த படம் மட்டும் தெளிவாக இருந்தால், பேதம் அங்கேதான் என்று நிச்சயிக்கலாம்.

இவை எல்லாம் எளிதில் பிடிபடுபவை. பிடிபடாமல் பலரை வருத்துவது காற்று. வெயில் ஏறிய பிறகு, சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றும் மேலே உள்ள குளிர்ந்த காற்றும் கலந்து அலையும்போது, அவற்றினூடே வரும் ஒளி கணத்துக்குக் கணம் வெவ்வேறு விதமாக வளைகிறது. 1704-இல் வெளியான ‘ஆப்டிக்ஸ்’ நூலில், தொலைநோக்கியை வருத்தும் இந்தக் காற்றின் நடுக்கத்துக்கு உயர்ந்த மலைச்சிகரங்களின் அமைதியான காற்றே பரிகாரம் என்று நியூட்டன் எழுதினார். அடுத்தடுத்து எடுத்த பத்துப் படங்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் குழைந்திருந்தால், குற்றவாளி காற்றேயன்றி வேறில்லை. அதை ஷட்டர் வேகமும் வெல்லாது, லென்ஸின் விலையும் வெல்லாது. இடைப்பட்ட தூரத்தைக் குறைப்பதும், தரை சூடேறுமுன் போய்ச் சேர்வதும்தான் வழி. ஏ.சி. போட்ட காரின் ஜன்னலைத் திறந்து, உள்ளிருந்தபடியே படமெடுப்பவர்கள், அந்த நடுக்கத்தைத் தாமே லென்ஸின் வாசலில் உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

லென்ஸைச் சந்தேகிப்பது கடைசியில்தான். முகப்பில் மாட்டிய மலிவான ஃபில்டரை முதலில் கழற்றிவிடுங்கள். தெளிவைக் கெடுப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. பின்பு, செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டி, காமிராவை அதற்கு நேர் எதிரே முக்காலியில் பொருத்தி, அசைவுத் தடுப்பை அணைத்து, எஃப் 8-ல், டைமர் வைத்து எடுத்துப் பாருங்கள். படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கினால், காமிராவைத் தலைகீழாகப் பொருத்தி மறுபடி எடுங்கள். மங்கல் எதிர்ப்பக்கத்துக்கு மாறினால் காமிரா சுவருக்குச் சாய்வாக நின்றிருக்கிறது. படத்தின் அதே பக்கத்தில் நிலைத்திருந்தால், உள்ளே ஏதோ ஒரு ஆடி இடம்பெயர்ந்திருக்கிறது. அந்நிலையில், இரண்டு படங்களையும் கையோடு எடுத்துக்கொண்டு சர்வீஸ் நிலையத்துக்குப் புறப்படலாம்.