பழைய சைக்கிள், டைனமோ, ஒரு நூலகப் புத்தகம்... உங்கள் பிள்ளைக்கு இன்ஜினீயரிங்கை இப்படி அறிமுகப்படுத்துங்கள்!

"பெரியவனானா என்ன ஆகப்போற கண்ணா?"

எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பிள்ளைகள் தப்பிக்க முடியாத கேள்வி இது. உறவினர் வீட்டுக் காதுகுத்து ஒன்றில், ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகனிடமும் கேட்டார்கள். "இன்ஜினீயர்" என்றான். கேட்ட பெரியவருக்கு ஏக சந்தோஷம். "இன்ஜினீயர்னா என்ன வேலை பார்ப்பாங்க, தெரியுமா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால், எனக்குள் ஏதோ உறுத்தியது. அதற்கு ஒரு வாரம் முன்புதான், ஓடாமல் கிடந்த டேபிள் ஃபேனைக் கழற்றி ஹால் முழுக்கப் பரப்பி வைத்ததற்காக அப்பாவிடம் அடி வாங்கியிருந்தான் அவன். ஸ்க்ரூ டிரைவர் பீரோவின் மேல் ஏறிவிட்டது. "இனிமே இதைத் தொட்டே..." என்று எச்சரிக்கை வேறு. ஆக, ஒரு பொருளைக் கழற்றிப் பார்ப்பது குறும்பு, கம்ப்யூட்டர் முன் உட்காருவது இன்ஜினீயரிங் என்று அந்தப் பிள்ளை புரிந்துவைத்திருக்கிறான். அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நாம்தான்.

அவன் பிறந்தநாளுக்கு டிரெஸ் எடுக்க வைத்திருந்த பணத்தில் ஒரு புத்தகம் வாங்கினேன். 'தி பாய் ஹூ ஹார்னெஸ்டு தி விண்ட்'. காற்றைக் கட்டி வேலை வாங்கிய பையனின் கதை. வில்லியம் கம்குவாம்பா என்பவர், பிரையன் மீலர் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து எழுதிய தன் சொந்தக் கதை. பெரியவர்களுக்கான புத்தகம் 2009-ல் வந்தது. குழந்தைகளுக்கான படப் புத்தகம் 2012-ல், எலிசபெத் ஸுனோனின் ஓவியங்களோடு வந்தது. வண்ணமும் வெட்டி ஒட்டிய காகிதங்களுமாக ஒவ்வொரு பக்கமும் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது.

சாப்பாடே இல்லாத வீட்டில் ஓர் இன்ஜினீயர்

கதை நடப்பது ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், கசுங்கு என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்தில். வில்லியம் 1987-ல் பிறந்தவர். ஆறு சகோதரிகளுக்கு நடுவே ஒரே பையன். அப்பா மக்காச்சோளமும் புகையிலையும் பயிரிடும் விவசாயி. 2001-02ல் மழை பொய்த்து, விளைச்சல் போய், நாடு முழுக்கப் பஞ்சம். வில்லியத்தின் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பாடு. அதுவும் இரவில், ஆளுக்கு ஒரு சில கவளம் சோள மாவுக் களி.

பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு 80 டாலர். அதைக் கட்ட முடியாமல் படிப்பு நின்றுபோனது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காத பையன், ஊர் ஆரம்பப் பள்ளியில் இருந்த சின்ன நூலகத்துக்குப் போக ஆரம்பித்தான். அங்கே கிடைத்தது 'யூஸிங் எனர்ஜி' என்ற அமெரிக்கப் பள்ளிப் பாடப் புத்தகம். அட்டையில் வரிசையாகக் காற்றாலைகள். காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், தண்ணீர் இறைக்கலாம் என்று உள்ளே எழுதியிருந்தது.

தண்ணீர் இறைக்கலாமா? அப்படியானால் மழையை நம்பியிருக்க வேண்டாம். இன்னொரு பஞ்சம் வந்தாலும் வீட்டில் பசி வராது. அந்தப் பையனின் கணக்கு இவ்வளவுதான்.

அவனுக்கு ஆங்கிலம் சரளமாக வாசிக்க வராது என்பதை நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். முதலில் படத்தைப் பார்ப்பான். பிறகு படத்தைச் சுற்றியிருக்கும் வார்த்தைகளுக்கு ஒவ்வொன்றாக அர்த்தம் தேடுவான். அவனுடைய மொழியில் காற்றாலைக்கு ஒரு சொல்கூட இல்லை. 'காற்று மின்சாரம்' என்று அவனே பெயர் வைத்துக்கொண்டான்.

அடுத்து, பழைய இரும்பு கிடக்கும் இடமெல்லாம் அலைந்தான். டிராக்டர் விசிறி ஒன்று, ஷாக் அப்ஸார்பர் ஒன்று, சைக்கிள் ஃப்ரேம் ஒன்று கிடைத்தன. பிவிசி குழாயை நெருப்பில் வாட்டி, தட்டையாக்கி இறக்கைகள் செய்தான். வாஷர் வாங்கக் காசில்லாததால் சோடா மூடிகளைத் தட்டி வாஷராக்கினான். டைனமோ மட்டும் கிடைக்கவில்லை. நண்பன் ஒருவன் தன் பாக்கெட்டிலிருந்து காசு கொடுத்து, ஒரு சைக்கிள்காரரிடமிருந்து வாங்கிக் கொடுத்தான். குப்பையைச் சுமந்து திரியும் பையனைப் பார்த்து, 'பைத்தியம் பிடிச்சுருச்சு' என்று ஊரே பேசியது.

மரக்கம்புகளால் சுமார் ஐந்து மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் கட்டி, அதன் உச்சியில் இயந்திரத்தை ஏற்றினான். காற்று அடித்தது. இறக்கைகள் சுற்றின. கையில் பிடித்திருந்த சின்ன பல்பு எரிந்தது. அப்போது அவனுக்கு 14 வயது.

பிறகு நான்கு விளக்குகள் எரிந்தன. அக்கம் பக்கத்தார் செல்போன் சார்ஜ் போட வரிசையில் நின்றார்கள். தண்ணீர் இறைக்கும் காற்றாலையும் பின்னால் வந்தது. 2007-ல் தான்சானியாவின் அருஷாவில் நடந்த 'டெட்' மாநாட்டு மேடையில் ஏறிய வில்லியம், தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் 'முயற்சி செய்தேன், செய்துவிட்டேன்' என்று சொன்னபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. நின்றுபோன படிப்பைத் தொடர்ந்து, 2014-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்றார். 2019-ல் இந்தக் கதை திரைப்படமாகவும் வந்தது. சிவெடெல் எஜியோஃபோர் இயக்கி, அப்பாவாகவும் நடித்திருக்கிறார். கொஞ்சம் கனமான படம் என்பதால், 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்.

ஒரு காற்றாலைக்குள் நான்கு டிபார்ட்மென்ட்

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், "பார்த்தியா, கஷ்டப்பட்டா முன்னுக்கு வரலாம்" என்று அறிவுரையில் இறங்கிவிடாதீர்கள். பிள்ளை கொட்டாவி விடும். 'இந்தக் காற்றாலையில் எத்தனை இன்ஜினீயர்கள் ஒளிந்திருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். விளையாட்டு மாதிரி ஆரம்பித்துவிடும்.

இறக்கையை எந்தக் கோணத்தில் சாய்த்தால் காற்று நன்றாகத் தள்ளும்? சுற்றும் வேகத்தைச் செயின் வழியாகச் சக்கரத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? இது மெக்கானிக்கல். இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. சைக்கிள் டைனமோவின் தலை விரல் தடிமன்தான் இருக்கும். அது பெரிய சக்கரத்தின் மேல் உரசும்போது, சக்கரம் ஒரு முறை சுற்றினால் டைனமோ இருபது முறைக்கு மேல் சுற்றிவிடும். மெதுவான காற்றிலிருந்து வேகமான சுழற்சி கிடைக்கும் ரகசியம் அதுதான்.

டைனமோவுக்குள் கம்பிச் சுருளுக்கு நடுவே காந்தம் சுற்றுகிறது, மின்சாரம் பிறக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து விளக்கெரிப்பது எலெக்ட்ரிக்கல். வில்லியத்தின் வீட்டுக்குக் கூரை புல்லால் வேய்ந்தது. கம்பிகள் உரசினால் பற்றிக்கொள்ளும். அதனால், ஆணியில் கம்பியைச் சுற்றி, காந்தம் வைத்து, காலிங் பெல் மாதிரியில் ஒரு சர்க்யூட் பிரேக்கரையும் அவனே செய்தான். நம் வீட்டு மெயின் போர்டில் 'டிரிப்' ஆகிற சாதனத்தின் சொந்தக்காரன் அது.

காற்றில் சாயாமல், ஆள் ஏறினாலும் முறியாமல் கோபுரம் நிற்க வேண்டுமே? அது சிவில். இறைத்த தண்ணீரை வீணாக்காமல் பயிருக்குப் பாய்ச்சுவது வேளாண் பொறியியல். இப்படி ஒரு துறை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கு பி.டெக் படிப்பே இருக்கிறது.

அடுத்த முறை நாகர்கோவில் பக்கம் போகும்போது ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளைக் காட்டி, "அதுல என்னென்ன இன்ஜினீயர் இருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பஸ் ஜன்னலே வகுப்பறையாகிவிடும். அந்தக் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் பி.இ. முடித்தவர்கள் இல்லை என்பதையும் சொல்லுங்கள். ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களுக்கும் அங்கே வேலை உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கும் ஒரு புத்தகம்

வில்லியம் கதை பெண் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனாலும், தன்னைப் போல ஒருத்தியைப் பக்கத்தில் பார்க்கும்போது வருகிற தைரியம் தனி. அதற்கு 'ரோஸி ரெவ்யர், இன்ஜினீயர்' என்ற படப் புத்தகம் இருக்கிறது. ஆண்ட்ரியா பீட்டி எழுத, டேவிட் ராபர்ட்ஸ் படம் வரைந்து 2013-ல் வெளியானது. கண்டதையும் சேர்த்து எதையாவது செய்யும் சிறுமி ரோஸி. ஒருமுறை தான் செய்ததைப் பார்த்துப் பெரியவர் ஒருவர் சிரித்துவிட, அன்றிலிருந்து செய்வதையெல்லாம் ஒளித்துவைக்கிறாள். விமானம் கட்டும் வேலை பார்த்த பாட்டி ஒருவர் வந்து அவளை மாற்றுகிறார். பறக்கவிட்டது விழுந்து நொறுங்கினாலும், அது வெற்றியின் முதல் படி என்று கொண்டாடுகிற பாட்டி! முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரியான புத்தகம்.

புத்தகம் கையில் இல்லாத இரவில் ஏ.லலிதாவின் கதையைச் சொல்லுங்கள். சென்னையில் 1919-ல் பிறந்தவர். 15 வயதில் திருமணம். 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். அவருடைய அப்பா, கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். 'மூலையில் உட்கார்' என்று ஊர் சொன்ன காலத்தில், 1940-ல் மகளை அதே கல்லூரியில் சேர்த்தார். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் பெண் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர் அவர். பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் பணிகளிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது.

வாசித்த பிறகு செய்து பாருங்கள்

புத்தகத்தை மூடியதும் கை பரபரக்கும். அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

*ஆணிக் காந்தம்:* பெரிய இரும்பு ஆணியில், எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியை 50 சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். கம்பியின் இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, ஒரு டார்ச் செல்லின் இரு பக்கமும் தொடவையுங்கள். ஆணி குண்டூசிகளை இழுக்கும். வில்லியத்தின் சர்க்யூட் பிரேக்கருக்கு உயிர் இதுதான். செல் சூடாகும் என்பதால், சில விநாடிகளில் கம்பியை எடுத்துவிட வேண்டும்.

*டைனமோ விளக்கு:* பழைய சைக்கிள் கடையில் டைனமோவும் அதற்கான பல்பும் கேட்டுப் பாருங்கள். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, டைனமோவைப் பின் டயரில் உரசும்படி பொருத்தி, பெடலைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். ஆரக்கம்பியில் விரலோ துப்பட்டாவோ மாட்டாமல் பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள்.

*கழற்றும் பெட்டி:* ஓடாத கடிகாரம், உடைந்த பொம்மை கார் போன்றவற்றை ஒரு பெட்டியில் போட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். கழற்றுவதற்கு முன் ஒரு படம் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள், திரும்ப மாட்ட உதவும்.

ஒரே ஒரு கண்டிப்பு வேண்டும். சுவர் பிளக்கில் மாட்டும் எதையும் பிள்ளைகள் தனியாகத் தொடக் கூடாது. டிவி, மைக்ரோவேவ் அவன் போன்றவற்றைப் பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அவற்றைக் கழற்றவே வேண்டாம்.

'கட் ஆஃப்' அப்புறம் வரட்டும்

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போட்டுக்கொண்டு, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று ஓடத்தான் போகிறோம். அந்த ஓட்டத்தில், 'உனக்கு எதைச் செய்யப் பிடிக்கும்?' என்று கேட்க நேரம் இருக்காது. அப்போது கேட்டாலும் பிள்ளைக்குப் பதில் தெரியாது. எட்டு, பத்து வயதில் பல்பு எரிவதைக் கையில் பிடித்துப் பார்த்த பிள்ளைக்குத் தெரியும். இன்ஜினீயரிங் வேண்டாம் என்று அது சொன்னாலும், தெரிந்து சொன்னதாக இருக்கும்.

படப் புத்தகத்தை நான் வாசிக்க வாசிக்க, அண்ணனும் பின்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் பி.இ. படித்தவர்தான். வேலை பார்ப்பது வங்கியில். கடைசிப் பக்கம் முடிந்ததும், "நாலு வருஷம் படிச்சேன். ஒரு ஃபேனைக்கூடக் கழற்றிப் பார்த்ததில்லை" என்றார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார்.

அப்பாவும் பிள்ளையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தும் அந்த டேபிள் ஃபேன் ஓடவில்லை. கடைசியில் தெருமுனை எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனார்கள். "காயில் போயிருக்கு தம்பி" என்று அவர் காட்டியபோது, என் மருமகன் கேட்டானாம்: "அண்ணே, இதை எப்படிச் சுத்துவீங்க? நான் கொஞ்ச நேரம் நின்னு பார்க்கட்டுமா?"