மருத்துவ மாணவரும் ஆராய்ச்சியும்

மருதானைக்கு அண்மையில் கின்சி வீதியில் விளங்கும் கொழும்பு மருத்துவ பீடம் ஓர் ஆராய்ச்சியின் பயனாகப் பிறந்தது. வன்னிக் கிராமங்களைப் பறங்கி நோய் பாழாக்கிய காலத்தில், அதனை ஆராய்ந்த மருத்துவர் ஜேம்ஸ் லூஸ், இந்நாட்டிலேயே மருத்துவரைப் பயிற்றவேண்டும் என எடுத்துரைத்தார். 1870இல் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. அவரே முதல் அதிபரானார்.

1905இல் இத்தாலிய அறிஞர் அல்டோ காஸ்டெலானி, கொழும்பிலேயே அந்நோயின் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். அது மேகப்புண் கிருமியின் இனத்தது. ஆகவே, மேகப்புண்ணைத் தீர்த்த பென்சிலின் பின்னாளில் இதனையும் தீர்த்தது.

இன்றைய மாணவருக்கும் வழி இதுவே. நோயாளர் விடுதியில் ஒரே குறியுடன் வருவோர் எவ்வூரினர், என்ன தொழிலினர், எந்நீரை அருந்துவோர் என்று அவர்தம் மொழியிலேயே கேட்டு, முறையாக எழுதி, எண்ணிப் பார்ப்பதே ஆராய்ச்சியின் தொடக்கம். இதற்குப் பெருங்கருவிகள் வேண்டியதில்லை. நோயாளியின் சம்மதமும் அறநெறிக் குழுவின் அனுமதியும் முன்னதாக வேண்டும்.

வன்னியை அடுத்த வடமத்திய மாகாணத்தில், 1990கள் முதல் உழவரை வாட்டும் சிறுநீரக நோயின் காரணம் இன்னும் முழுமையாகத் துலங்கவில்லை. லூசைப் போல் கேட்டறிய முன்வரும் மாணவருக்காக அவ்வூர்கள் காத்திருக்கின்றன.