நேரடி இசை நிகழ்ச்சி ஒலிப்பதிவு

நேரடி இசை நிகழ்ச்சி ஒலிப்பதிவு என்பது மேடையில் நிகழும் இசையை, அது நிகழும் இடத்திலும் நேரத்திலும் பதிவு செய்வதாகும். கலையகத்தில் பிழை நேர்ந்தால் மீண்டும் பாடிப் பதிவு செய்துகொள்ளலாம். கச்சேரியில் அதற்கு இடமில்லை. அவையில் அமர்ந்திருக்கும் ஒருவர், சட்டைப் பையில் அடங்கும் எண்முறை ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு செய்யும் பதிவே இக்கட்டுரையின் பொருள். மேடையின் ஒலிக்கலப்பு மேசையிலிருந்து நேரடியாக எடுக்கப்படும் பதிவு இதனின்று வேறுபட்டது.

வரலாறு

இவ்வழக்கம் எண்முறைக் காலத்துக்கு மிகவும் முற்பட்டது. நியூயார்க் மெட்ரோபொலிட்டன் ஆப்பெரா அரங்கின் நூலகராக இருந்த லயனல் மேப்பிள்சன், 1901 முதல் 1903 வரை அரங்க நிகழ்ச்சிகளின் சிறு பகுதிகளை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். ஓர் உருளையில் ஏறத்தாழ இரண்டு நிமிட இசையே அடங்கும். இரைச்சல் மிகுந்த இப்பதிவுகளில்தான் ஜான் டி ரெஸ்கி என்ற புகழ்பெற்ற பாடகரின் குரல் இன்று எஞ்சியுள்ளது. 1947-48 ஆம் ஆண்டுகளில் டீன் பெனடெட்டி என்பவர் ஜாஸ் இசைஞர் சார்லி பார்க்கரின் வாசிப்பை இரவுதோறும் பதிவு செய்தார். பார்க்கர் வாசிக்காத நேரங்களில் இவர் பெரும்பாலும் கருவியை நிறுத்திவிட்டார். சிக்கனத்துக்காக அவர் செய்த இச்செயலால், உடன் வாசித்தவர்களின் இசை பெருமளவு கிடைக்காமற் போயிற்று.

ரசிகர் பதிவுக்கு வெளிப்படையான இசைவு தந்த குழுக்களுள் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க இசைக்குழு முதன்மையானது. ஒலிவாங்கித் தண்டுகள் பிற பார்வையாளர்களின் பார்வையை மறைத்தமையால், 1984 அக்டோபரில் பெர்க்லி நகரில் நடந்த நிகழ்ச்சிகளிலிருந்து பதிவாளர்களுக்கெனத் தனி இருக்கைப் பகுதியை அக்குழு ஒதுக்கியது.

1987 இல் அறிமுகமான டாட் என்னும் எண்முறை நாடா, நகலெடுக்க எடுக்கத் தரம் குறையும் ஒலிநாடாவின் குறையைப் போக்கியது. 1992 இல் வந்த மினிடிஸ்க் மலிவானது, சிறியது. ஆனால் தொடக்கக்காலக் கருவிகள் ஒலியைச் சுருக்கி, ஒரு பகுதியை இழந்தே சேமித்தன. மேலும், மூன்று மணிநேரப் பதிவைக் கணினிக்கு மாற்ற மூன்று மணிநேரம் ஓடவிட வேண்டியிருந்தது. 2006 இல் எடிரோல் ஆர்-09, சூம் எச்4 ஆகியனவும், 2007 இல் சூம் எச்2, சோனி பிசிஎம்-டி50 ஆகியனவும் வெளிவந்தன. நாடா, வட்டு ஆகிய இரண்டையும் விடுத்து, மின்ம நினைவகத்தில் கோப்பாகவே பதிவு செய்யும் இக்கருவிகள் இக்கலையைப் பலர் கைக்கும் கொண்டுவந்தன.

பதிவின் அளவைகள்

குறுந்தகட்டின் தரம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஆகும். இத்தரத்தில் இருதட ஒலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் கொள்ளும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 1 கிகாபைட் தேவைப்படும். பலர் மாதிரியெடுப்பு வீதத்தை உயர்த்துவதில் ஆர்வம் காட்டினாலும், கச்சேரிப் பதிவில் உண்மையான பயன் தருவது பிட் எண்ணிக்கையே. 16 பிட் முறையின் ஒலிவீச்சு ஏறத்தாழ 96 டெசிபல். 24 பிட் முறையில் அது கோட்பாட்டளவில் 144 டெசிபல் ஆகும். கூடுதலாகக் கிடைக்கும் இவ்விடைவெளியால், பதிவு மட்டத்தை அச்சமின்றித் தாழ்த்தி வைக்கலாம்.

நினைவட்டைகளில் பரவலாகப் பயன்படும் ஃபாட்32 கோப்பு முறைமையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட இயலாது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் இவ்வெல்லை ஏறத்தாழ இரண்டு மணி நான்கு நிமிடங்களில் எட்டப்படும். நல்ல கருவி தானாகவே அடுத்த கோப்பைத் தொடங்கும். எனினும் இணைப்பில் ஒரு கணமேனும் விடுபடுகிறதா என்பதை வீட்டிலேயே சோதித்து அறிதல் வேண்டும்.

பதிவு மட்டம்

எண்முறைப் பதிவில் 0 டெசிபல் என்பது கடக்கவியலாத எல்லை. அதனை மீறும் அலையின் உச்சி தட்டையாக வெட்டப்படும். இவ்வாறு சிதைந்த ஒலியைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. மாறாக, மட்டம் குறைவாகப் பதிந்த ஒலியைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். ஆகவே உச்சங்கள் -12 டெசிபலை ஒட்டி அமையுமாறு வைப்பது வழக்கம். கருநாடக இசைக் கச்சேரியில் வர்ணத்தின்போது சரியாகத் தோன்றும் மட்டம், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் சேர்ந்து உச்சம் பெறும்போது மிகையாகிவிடும். அதன்பின் எழும் கைதட்டலோ அருகிலிருந்து வருவதால் இசையினும் உரத்துப் பதியும்.

தன்னியக்க மட்டக் கட்டுப்பாட்டை அணைத்துவிட வேண்டும். அது பேச்சுக்காக அமைந்தது. மென்மையான ஆலாபனையை உயர்த்தி, உரத்த வாசிப்பைத் தாழ்த்தி, இசையின் ஏற்ற இறக்கத்தையே அழித்துவிடும்.

சில கருவிகளில் மட்டக் கட்டுப்பாடு உள்ளீட்டுப் பெருக்கிக்குப் பின்னரே செயற்படுகிறது. அங்கு மானி பாதுகாப்பான அளவைக் காட்டினாலும், ஒலி பெருக்கியிலேயே சிதைந்திருக்கும். இத்தகைய கருவியில் உணர்திறன் ஆளியைத் தாழ்ந்த நிலைக்கு மாற்றுவதே தீர்வு. 2019 இல் வெளிவந்த சூம் எஃப்6 முதலிய கருவிகள் 32 பிட் மிதவைப்புள்ளி முறையில் பதிவதால் மட்டம் அமைக்கும் தொல்லை பெரிதும் நீங்கியுள்ளது. ஆயினும் ஒலிவாங்கியே தாங்காத உரத்த ஒலியை இம்முறையும் காப்பாற்றாது.

ஒலிவாங்கியும் இடமும்

கருவியின் விலையைக் காட்டிலும் அது வைக்கப்படும் இடமே பதிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. மேடைக்கு அணுக்கமாக அமர்ந்தால் நல்லது என்பது பெருக்கப்படாத இசைக்கே பொருந்தும். ஒலிபெருக்கிகள் வழி இசை கேட்கும் அரங்கில் முதல் வரிசையில் பாடகரின் குரல் மங்கித் தாளக்கருவிகளே மேலோங்கலாம். இரு ஒலிபெருக்கிகளுக்கும் நடுக்கோட்டில், அவற்றிலிருந்து சமதொலைவில் இருப்பதே ஏற்றது. பின்னே செல்லச் செல்லச் சுவர்களின் எதிரொலி மிகும்.

இரு ஒலிவாங்கிகளை ஒரே புள்ளியில் குறுக்காக வைப்பது ஒரு முறை. பெரும்பாலான கையடக்கக் கருவிகள் இம்முறையை ஒட்டியே அமைந்துள்ளன. பிரெஞ்சு வானொலியில் தோன்றிய ஓஆர்டிஎஃப் முறையில் அவை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகைக் கோணத்தில் விலகி நிற்கும். இவ்விடைவெளி மனிதக் காதுகளின் இடைவெளியை ஒத்தமையால், காதணி ஒலிப்பானில் கேட்கும்போது இயல்பான விரிவு கிடைக்கிறது.

மேசையிலிருந்து பெற்ற பதிவையும் அவையில் எடுத்த பதிவையும் கலப்பவர்கள் இரண்டு இடர்களை எதிர்கொள்வர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 20 மீட்டர் தொலைவில் உள்ள ஒலிவாங்கிக்கு அது 58 மில்லிநொடி தாழ்ந்தே வந்துசேரும். இதனைக் கணினியில் நகர்த்திச் சரிசெய்யலாம். இரண்டாவது இடர், இரு கருவிகளின் கடிகாரங்களும் ஒன்றாக ஓடாமை. பத்து இலட்சத்தில் இருபது பங்கு வேறுபாடேயானாலும் மூன்று மணிநேரத்தில் ஐந்தில் ஒரு நொடி விலகல் ஏற்பட்டு, மங்களம் இரட்டையாய் ஒலிக்கும்.

வழமையான தவறுகள்

மிகப் பரவலான தவறு, பதிவே தொடங்காமை ஆகும். பல கருவிகளில் பதிவுப் பொத்தானை முதன்முறை அழுத்தினால் கருவி காத்திருப்பு நிலைக்கே செல்லும். விளக்கு மினுக்கும், மானியும் அசையும், ஆனால் எதுவும் பதியாது. மீண்டும் அழுத்திய பின்னரே நேரம் ஓடத் தொடங்கும். விளக்கைப் பார்த்து நிறைவடையாமல், நொடிகள் ஓடுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். கோப்பின் தலைப்பகுதி பல கருவிகளில் பதிவு முடியும்போதே நிறைவு செய்யப்படுவதால், இடையில் மின்கலம் தீர்ந்தால் கோப்பு திறவாமற் போகலாம். அதனைத் திருத்தும் மென்பொருட்கள் உண்டு. எனவே அத்தகைய அட்டையில் மேலும் எதையும் எழுதக் கூடாது. புதிய மின்கலத்துடன் தொடங்குவது, பூட்டு ஆளியை இடுவது, விசிறிக்கு நேரே அமராதிருப்பது என்பன சிறு செயல்களாயினும் பல பதிவுகளைக் காத்துள்ளன.

சட்டமும் ஒப்புதலும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இல் 1994 ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துகலைஞருக்குத் தனி உரிமை வழங்கியது. இவ்வுரிமை தற்போது 50 ஆண்டுகள் நீடிக்கிறது. சட்டத்தின் 39 ஆவது பிரிவு, பதிவு செய்பவரின் சொந்தப் பயன்பாட்டுக்கும் நேர்மையான கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்கும் செய்யப்படும் பதிவை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. எனினும் அரங்கத்தினர் தம் நுழைவு விதிகளில் பதிவைத் தடுக்கலாம். சென்னை சபாக்கள் பலவற்றில் இத்தகைய அறிவிப்பைக் கேட்கலாம். அமெரிக்காவில் ஒப்புதலற்ற நேரடிப் பதிவுக்கு எதிரான கூட்டரசுச் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டது.

ஒப்புதல் தந்த குழுக்களின் பதிவுகளை இணைய ஆவணகம் 2002 முதல் திரட்டிவருகிறது. இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் வடிவமே அங்கு பெரிதும் பயன்படுகிறது. 2005 நவம்பரில் கிரேட்ஃபுல் டெட் தரப்பினர் மேசைப் பதிவுகளின் தரவிறக்கத்தை அங்கு நிறுத்தச் செய்தனர். ரசிகர்கள் அவையிலிருந்து எடுத்த பதிவுகளின் தரவிறக்கமும் முதலில் நிறுத்தப்பட்டு, விரைவிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது.