கையொப்பம் வைக்கும் முன்...



பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் தொழிலுக்குப் போகும் தாய்மார் பலர், வீடு வளவைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்துவிட்டே பயணமாகின்றனர். "நானாதானே, மாப்பிள்ளைதானே" என்ற நம்பிக்கை! நம்பிக்கை நல்லதுதான். ஆனால், அந்தத் தாளில் இருப்பது "பார்த்துக்கொள்ள" என்பதா, "விற்க" என்பதா என வாசித்துக் கேட்டீர்களா?

மார்க்கத்தில் இதற்கு வகாலத் என்று பெயர். பொறுப்பேற்பவர் வகீல். பொருள் அவர் கையில் அமானிதம். நபி (ஸல்) அவர்கள் உர்வா அல்பாரிகீ (ரழி) அவர்களிடம் ஒரு தீனாரைக் கொடுத்து ஆடு வாங்கிவரச் சொன்னார்கள். அவரோ இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். பரக்கத்துக்கான துஆவைப் பெற்றார். இது புகாரியில் பதிவான சம்பவம். இலாபமும் பொருளுக்கு உரியவருக்கே!

ஷாபிஈ மத்ஹபின்படி, விற்கும்படி மட்டும் சொல்லப்பட்ட வகீல் பெருநட்டத்துக்கு விற்கலாகாது, கடனுக்கு விற்கலாகாது, தனக்கே விற்றுக்கொள்ளவும் கூடாது. உரியவர் மௌத்தானால் வகாலத்தும் முடிந்துவிடும். நாட்டுச் சட்டத்திலும் பொதுவாக அப்படியே. ஆகவே வாப்பா உயிரோடிருக்கையில் கொடுத்த தத்துவத்தைக் காட்டி, அவர் மௌத்தான பின் ஆண்மக்கள் காணியை விற்பது பெண்மக்களின் வாரிசுப் பங்கில் கைவைப்பதாகும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் நடைபெற வேண்டும். 1902ஆம் ஆண்டின் அற்றோணித் தத்துவச் சட்டமும் மோசடிகளைத் தடுக்கவென 2022இல் திருத்தப்பட்டது.

தோட்டக் காணி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளுக்குப் போனது நிர்வாகமே. நிலத்தின் சொத்துரிமை அல்ல. ஆகவே துரை கொடுத்த துண்டு என்று ஒருவர் காட்டுவதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். தன்னிடம் இல்லாத உரிமையை எவரும் பிறருக்குக் கொடுக்க முடியாது.

எனவே சகோதரிகளே, ஒரு காரியத்துக்கு மட்டுமான விசேட தத்துவமே போதுமென்றால் பொதுத் தத்துவம் கொடுக்காதீர்கள். எந்தக் காணி, என்ன வேலை, எவ்வளவு காலம் என்பதை எழுதச் சொல்லுங்கள். விற்கும் அதிகாரம் கொடுக்க விருப்பமில்லையெனில் அதையும் எழுதுவியுங்கள். மூல உறுதியை நம்பகமான வேறொருவரிடம் வையுங்கள். தத்துவத்தை மீளப் பெற்றால் வகீலுக்கு எழுத்தில் அறிவித்து, பதிவையும் இரத்துச் செய்யுங்கள்.

இது உறவைச் சந்தேகிப்பதல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் ஏவுகிறது. எழுத்து, உறவையும் காக்கும், உரிமையையும் காக்கும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.