தேக்கடியில் படகு, தெப்பம், கூடாரம்! பெல்ட்டை மட்டும் அவிழ்க்காதீர்கள்!!

மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்துவிட்டால் போதும். குமுளி பஸ்சில் கால் வைக்க இடம் இருக்காது. கையில் புளிசாதப் பொட்டலம், இடுப்பில் குழந்தை, தோளில் கம்பளி. "எங்கேண்ணே?" என்று கேட்டால், "தேக்கடிக்குத்தான். போட்ல போகணும்னு பிள்ளைக உசுர வாங்குதுக" என்று பதில் வரும்.

உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர் தாண்டி லோயர்கேம்ப்பில் பஸ் மலை ஏறும். மேலே போனால் குமுளி. சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கிருந்து சில கிலோமீட்டர் காட்டுக்குள் போனால் ஏரி.

இந்த ஏரியில் படகில் போகலாம். மூங்கில் தெப்பத்தில் போகலாம். காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தூங்கவும் செய்யலாம். ஆனால் எதை, எப்படிச் செய்யலாம் என்று தெரியாமல் போய் ஏமாந்து திரும்புகிறவர்களே அதிகம்.

நம்ம ஊர்த் தண்ணீர்!

தேக்கடி ஏரி இயற்கையாக உண்டான ஏரி அல்ல. முல்லைப்பெரியாறு அணையில் தேங்கும் தண்ணீர்தான் அது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார் கர்னல் பென்னிகுக். 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1895-ல் அணை திறக்கப்பட்டது.

தேக்கடியில் மதகு வழியாக இறங்கும் தண்ணீர், சுரங்கத்தில் புகுந்து, லோயர்கேம்ப் மின் நிலையத்தில் மின்சாரம் எடுக்கப்பட்டு, கம்பம் பள்ளத்தாக்கு வயல்களை நனைத்து, வைகை அணைக்கு வந்து சேருகிறது. மதுரை வீட்டுக் குழாயில் வருவதிலும் அதில் பங்கு உண்டு. படகில் உட்கார்ந்து ஏரியில் பாலிதீன் பையை வீசுகிறவர், தன் வீட்டுக் குடத்திலேயே குப்பை போடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

படகில் போகும்போது தண்ணீருக்கு நடுவே கறுத்த மொட்டை மரங்கள் நிற்பதைப் பார்க்கலாம். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் முழுதும் மக்கவில்லை. இன்று அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்கின்றன.

தூண்டில் கொண்டு போகலாமா?

"ஏரின்னா மீன் இருக்குமே, ஒரு தூண்டில் எடுத்துட்டுப் போவோமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பெரியாறு 1978 முதல் புலிகள் காப்பகம். உல்லாசப் பயணிகள் தூண்டில் போட அனுமதி இல்லை.

இந்த மீனுக்குப் பின்னால் ஒரு கதையே இருக்கிறது. பழைய ஒப்பந்தப்படி ஏரியின் மீன்பிடி உரிமை தமிழ்நாட்டிடம் இருந்தது. 1970-ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது அந்த உரிமை கேரளத்துக்கு விட்டுக் கொடுக்கப்பட்டது. ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த குத்தகை 30 ரூபாய் ஆனது. தண்ணீரில் மின்சாரம் எடுத்துக் கொள்ளும் உரிமை தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது.

இப்போது ஏரியில் வலை போடுகிறவர்கள் மன்னான், பளியர் இனத்து மலைவாழ் மக்கள். தெப்பத்தில் போய் வலை விரித்து வருவார்கள். மன்னான் மக்களின் முன்னோர் மதுரைப் பக்கத்தில் இருந்து மலை ஏறியவர்கள் என்பது அவர்களிடம் வழிவழியாக வரும் கதை.

வலையில் விழுவதில் நம்ம ஊர் ஜிலேபி கெண்டையும் உண்டு. வெளிநாட்டில் இருந்து வந்த மீன் அது. இப்படிப் பிற்காலத்தில் வந்த மீன்கள் பெருகப் பெருக, இந்த மலை ஆறுகளுக்கே உரிய மீன் வகைகளுக்கு இடம் குறைகிறது என்பது மீன் ஆராய்ச்சியாளர்களின் கவலை.

பட்டை உரித்தவர்களே பாதுகாவலர்கள்!

காட்டுக்குள் இரவு தங்க ஆசைப்படுகிறவர்களுக்கு வனத்துறை ஏற்பாடு செய்கிறது. சின்னக் குழுவாகத்தான் அழைத்துப் போவார்கள். பகலில் நடை. இரவில் கூடாரம். துப்பாக்கியோடு வனக்காவலர் ஒருவர் கூடவே வருவார்.

வழிகாட்டிகள் யார் தெரியுமா? ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயணா மரத்தின் பட்டையை உரித்து விற்றவர்கள்! கறுவாப்பட்டைக்குப் பதிலாக மசாலாவில் சேரும் பட்டை அது. முழுதும் உரித்தால் மரம் பட்டுப்போகும். பிடிபட்டால் வழக்கு, ஜெயில் என்று அவர்கள் குடும்பங்கள் அலைந்தன.

1990-களின் கடைசியில் வனத்துறை அவர்களைக் கூப்பிட்டுப் பேசியது. திருட்டை விடுங்கள், காட்டைக் காட்டிப் பிழையுங்கள் என்றது. காட்டின் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவர்கள் ஆயிற்றே! யானை எந்த ஓடையில் இறங்கும், காட்டு மாடு எங்கே மேயும் என்று மணத்தை வைத்தே சொல்கிறார்கள். பயணிகளை அழைத்துப் போவதோடு, காட்டில் ரோந்தும் சுற்றுகிறார்கள். திருடனுக்குத் திருடன் போகும் வழி தெரியும் அல்லவா?

ஒரு நாள் போதும் என்பவர்களுக்கு மூங்கில் தெப்பம் இருக்கிறது. கொஞ்சம் நடை, கொஞ்சம் தெப்பம். மோட்டார் சத்தம் கிடையாது. கரையில் மிளா மான் தண்ணீர் குடிக்கும் சத்தம்கூடக் காதில் விழும்.

பறிபோன 45 உயிர்கள்!

தேக்கடி என்றதும் நெஞ்சு பதறும் நாள் ஒன்று உண்டு. 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி.

அன்று மாலை சவாரி போன 'ஜலகன்யகா' என்ற இரண்டு அடுக்குப் படகு ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் பரிதாபமாகச் செத்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டில் இருந்து போனவர்களும் உண்டு. கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்க மேல்தட்டில் இருந்தவர்கள் ஒரே பக்கமாக எழுந்து போனார்கள். படகு சாய்ந்தது என்று தப்பியவர்கள் கூறினார்கள். அளவுக்கு மேல் ஆள், படகின் அமைப்பிலேயே கோளாறு என்ற விவரங்களும் பின்னர் விசாரணையில் வெளிவந்தன.

அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் படகில் ஏறும் ஒவ்வொருவரும் 'லைப் ஜாக்கெட்' மாட்ட வேண்டும், இருக்கையை விட்டு எழக்கூடாது என்ற கண்டிப்பு வந்தது.

ஆனாலும் நம்மவர்கள் சும்மா இருப்பதில்லை. "வேர்க்குது சார், அப்புறம் போட்டுக்கிறேன்" என்பார் ஒருவர். போட்டோ எடுக்க ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைப்பார் இன்னொருவர். "அதோ யானை!" என்று ஒரு குரல் கேட்டதும் பாதிப்பேர் எழுந்து விடுவார்கள். படகுக்காரர், "உட்காருங்க, உட்காருங்க" என்று கத்த வேண்டியிருக்கிறது.

கண்டக்டர் சொல்வதைக் கேட்காமல் படியில் தொங்கிப் பழகியவர்கள் நாம். பஸ் படியில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. ஏரியில் கம்பி ஏது? யானை எங்கும் ஓடிப்போகாது. உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்க்கலாம்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* காட்டுத் தங்கல், தெப்பம் இரண்டுக்கும் முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். விடுமுறை நாளில் நேரே போய் நின்றால் படகு டிக்கெட்டுக்கே திண்டாட்டம்தான்.

* மார்ச் முதல் மே வரை கோடையில் காட்டு ஓடைகள் வற்றும். விலங்குகள் ஏரிக்கரைக்கு வரும். பார்க்க அதுவே நல்ல சமயம்.

* மழைக்காலத்தில் நடந்து போனால் அட்டை கடிக்கும். முழங்கால் வரை வரும் துணி உறை தருவார்கள். வெட்கப்படாமல் மாட்டிக் கொள்ளவும்.

* சிவப்பு, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் துணி வேண்டாம். பச்சை, காக்கி நல்லது. சென்ட், பாட்டுப்பெட்டி இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

* சாராய பாட்டிலோடு கூடாரத்தில் கூத்தடிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் குமுளியோடு திரும்பி விடலாம். காட்டுக்குள் அது நடக்காது.

* குழந்தைகளுக்கு அவர்கள் அளவு ஜாக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும். பெரியவர்கள் ஜாக்கெட் குழந்தையின் தலை வழியாகக் கழன்று விடும்.

* படகு கரை தட்டி, கயிறு கட்டும் வரை பெல்ட்டை அவிழ்க்கக் கூடாது.

வீட்டில் இருந்து நாலு பேர் கிளம்பினால் நாலு பேரும் திரும்பி வர வேண்டும். அதற்கு ஒரு பெல்ட்டை இறுக்க அரை நிமிடம் ஆகும். அவ்வளவுதான்.