வால்வின் நாதமும் கணக்கிடும் பெட்டியும்

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பிவிட்டு, அதற்கு உயிர் வருவதற்காக அரை நிமிஷம் காத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இன்றும் நம்மிடையே பலர் உளர். பெட்டியின் பின்புறத்து அட்டைத் துளைகளின் வழியே செம்மஞ்சள் ஒளி தெரியும்; வால்வுகள் சூடேறிவிட்டன என்பது அதன் பொருள். அதன் பிறகே குரல் வரும். அக்கண்ணாடி வால்வுகள் வானொலிப் பெட்டிகளை விட்டு நீங்கி வெகு காலமாயிற்று. ஆயினும் ஓர் உலகில் மட்டும் அவற்றின் ஆட்சி இன்னும் முடியவில்லை. மின்சாரக் கிதார் வாசிப்போரின் உலகமே அது.

மும்பையிலும் புணேயிலும் தில்லியிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் கிதார் பயிலும் பிள்ளைகள் இன்று குறைவில்லை. அவர்களுடைய அறையில், காலால் அழுத்தி இயக்கும் தட்டையான பெட்டியொன்றை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ‘மாடலர்’ என்பது அதன் பெயர். “அறுபது ஆண்டுகளுக்கு முன் லண்டனில் பதிவான இசைத்தட்டின் ஒலி இதனுள் இருக்கிறது” என்று பிள்ளை சொல்வான். விலையைக் கேட்டால் தந்தைக்கு மயக்கம் வரும். கணக்கிடும் சில்லு ஒன்று வால்வின் நாதத்தை மெய்யாகவே தரவல்லதா, அன்றி இது வெறும் வியாபாரப் பேச்சா? இதனை நாம் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் அந்த லண்டன் ஒலியின் வரலாறு. ஜிம் மார்ஷல் என்பவர் டிரம் வாசிப்பவர். அதனைக் கற்பித்தும் வந்தவர். 1960-ஆம் ஆண்டில் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை திறந்தார். கடைக்கு வந்த இளைஞர்கள் அமெரிக்காவின் ஃபெண்டர் ஆம்ப்ளிபையர்களைக் கேட்டார்கள். அவையோ கடல் கடந்து வந்தமையால் விலை மிகுந்தவை. ஆகவே மார்ஷலும், கடையில் பழுது பார்த்து வந்த கென் பிரானும், டட்லி கிரேவன் என்ற இளைஞரும் சேர்ந்து, ஃபெண்டர் பாஸ்மன் என்னும் ஆம்ப்ளிபையரின் மின்சுற்றைப் பின்பற்றித் தாமே ஒன்றைச் செய்யத் துணிந்தனர். 1962-இல் அது விற்பனைக்கு வந்தது. ஜிம், அவர் மகன் டெர்ரி ஆகிய இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து ‘ஜே.டி.எம். 45’ என்று அதற்குப் பெயரிட்டனர்.

மின்சுற்று ஏறக்குறைய நகல்தான். ஆனால் நகல் மூலத்தைப் போல் ஒலிக்கவில்லை! ஃபெண்டரின் முதல் வால்வைவிட அதிகமாகப் பெருக்கும் வால்வு மார்ஷலின் முதல் இடத்தில் அமர்ந்தது. பத்து அங்குல ஜென்சன் ஒலிபெருக்கிகள் நான்கு இருந்த இடத்தில், பன்னிரண்டு அங்குலச் செலஸ்டியன் ஒலிபெருக்கிகள் வந்தன. சக்தி தரும் கடைசி வால்வுகளும் நாளடைவில் பிரிட்டிஷ் வகையாக மாறின. இங்கிலாந்தில் கைக்கு எட்டிய உறுப்புகளைக் கொண்டு செய்ததால் நேர்ந்த இச்சிறு மாறுதல்கள் சேர்ந்து, முன்பு எவரும் கேட்டிராத ஓர் ஒலியைப் பிறப்பித்தன. இன்று நாம் உயர்வாகப் போற்றும் மூலமே ஒரு காலத்தில் போலியாகப் பிறந்தது என்பதை மாடலரை இகழ்வோர் அறிந்துகொள்ளல் நன்று.

அப்படி என்ன ஒலி அது? கிதாரின் கம்பி அதிரும்போது, அதன் கீழுள்ள பிக்கப் என்னும் காந்தச் சுருள் அவ்வசைவை மிகச் சிறிய மின்னலையாக மாற்றுகிறது. வால்வு அவ்வலையைப் பெரிதாக்குகிறது. ஆனால் வால்வால் தர முடிந்த அளவுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் இருக்கும்வரை அலை தன் வடிவம் குன்றாது வளரும். எல்லையைக் கடந்தும் அதனுள் அலையைச் செலுத்தினால், குன்றின் உச்சியைச் சீவிவிட்டாற்போல் அலையின் முடி தட்டையாகிவிடும். பொறியியலார் இதனைத் திரிபு என்பர்; குறை என்றே எண்ணி, அதனை நீக்கப் பாடுபட்டும் வந்தனர். ஆனால் முடி தட்டையாகும்போது, முன்பு மெலிந்திருந்த மேற்சுரங்கள் வலுப்பெற்று எழுகின்றன. கிதாரின் ஐந்தாம் கம்பி விநாடிக்கு 110 முறை அதிருமாயின், 220, 330, 440, 550 என்று அதன் மடங்குகள் ஒலிக்கும்.

தம்பூரா கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதன்று. தம்பூராவின் குதிரைமீது கம்பிக்கு அடியில் ஒரு நூலிழையை வைக்கிறோம். ஜீவா என்று அதனைச் சொல்கிறோம். நூலிழை சரியான இடத்தில் அமர்ந்தவுடன், எவரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானே எழுந்து ஒலிக்கிறது. அடிப்படைச் சுரத்தின் ஐந்தாம் மடங்கே அது. ஜீவாவை எடுத்துவிட்டால் கம்பி சுத்தமாகத்தான் ஒலிக்கும், ஆனால் சுவையிராது. கிதாருக்கு வால்வு செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வால்வின் வழியே இரு சுரங்களை ஒருங்கே செலுத்தினால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வுகளும் உண்டாகின்றன. சட்ஜ-பஞ்சம இணைக்கு அவை பொருந்தி நிற்கும். நெருங்கிய சுரங்களுக்கோ பொருந்தாது இரைச்சலாகும். ராக் வாசிப்பவர்கள் பஞ்சம இணைகளை ஓயாது வாசிப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இனி 1966-க்கு வருவோம். ஜான் மேயால் குழுவினர் லண்டனின் வெஸ்ட் ஹாம்ஸ்டெட் பகுதியிலிருந்த டெக்கா ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓர் இசைத்தட்டுக்காக வாசித்தனர். தயாரித்தவர் மைக் வெர்னன். ஒலிப்பதிவுப் பொறியாளர் கஸ் டட்ஜன். கிதார் வாசித்த எரிக் கிளாப்டனுக்கு அப்போது இருபத்தொரு வயதே. அவர் கையில் கிப்சன் லெஸ் பால் கிதார். இரட்டைச் சுருள் கொண்ட அதன் பிக்கப்பைச் சேத் லவர் என்ற கிப்சன் பொறியாளர் 1955-இல், மின்சார இரைச்சலை ஒழிப்பதற்காக உருவாக்கினார். இரைச்சலோடு கூட, ஒற்றைச் சுருளின் கூர்மையான மேல் அதிர்வுகளும் சற்று மழுங்கி, ஒலி தடித்தது. ஆம்ப்ளிபையர், ஜே.டி.எம். 45 மின்சுற்றையும் பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கிய மார்ஷல். அதன் பட்டியல் எண் 1962. (இவ்வெண்ணை ஆண்டு என்று மயங்கி எழுதுவோர் பலர்.)

ஒலிப்பதிவுக் கூடங்களில் அக்காலத்தில் கிதாரை அடக்கி வாசிப்பதே வழக்கம். மேடையில் வாசிக்கும் உரத்திலேயே வாசிப்பேன் என்று கிளாப்டன் பிடிவாதமாக நின்றார். அவர் பிடிவாதத்துக்குத் தக்க காரணம் இருந்தது. ஒலியளவை மட்டும் குறைத்துத் திரிபை நிறுத்திக்கொள்ளும் குமிழ் அந்த ஆம்ப்ளிபையரில் இல்லை. வால்வு எல்லையை மீற வேண்டுமாயின் பெட்டி முழு உரத்தில் முழங்கியே ஆக வேண்டும். அப்போது 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை வழங்கும் பகுதியே சுமை தாங்காது ஒரு கணம் தளர்ந்து, மறுகணம் மீளும். சுரம் தொடங்கும்போது அமுங்கிப் பின்னர் மலர்வது அதனால்தான். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பும் தன் எல்லையில் அதிரும். அறையில் எழும் ஒலி கிதாரின் கம்பிகளைத் திரும்ப வந்து தாக்கி, மங்க வேண்டிய சுரத்தை மங்கவிடாது காக்கும். இத்தனையையும் ஒலிவாங்கி கேட்டது. அவ்வாண்டு ஜூலையில் இசைத்தட்டு வெளிவந்தது. அந்தக் கிதாரோ அவ்வாண்டிலேயே களவு போயிற்று.

மாடலர் செய்வது யாது? ரோலண்ட் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட கருவியும், லைன் 6 நிறுவனத்தின் சிவந்த சிறுநீரக வடிவப் பெட்டியாகிய ‘பாட்’ 1998-இல் வந்ததும் இத்துறையின் தொடக்க காலம். கிதாரின் மின்னலையை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்கி, அவ்வெண்களைக் கணித்து மீண்டும் அலையாக்குவதே வேலை. இதில் இரு வழிகள் உண்டு. ஒன்று, பழைய ஆம்ப்ளிபையரின் ஒவ்வொரு வால்வையும் மின்தேக்கியையும் சமன்பாடாக எழுதுவது. மற்றது, உண்மையான ஆம்ப்ளிபையருக்குத் தெரிந்த ஒலிகளை ஊட்டி, அது தரும் விடையைப் பதிவு செய்து, அவ்விடையையே தரும்படி கணினிக்குக் கற்பிப்பது. கெம்பர் என்னும் ஜெர்மன் கருவி 2011-இல் அளந்து படியெடுக்கும் இவ்வழியைப் பரப்பியது. இன்று நரம்பு வலைக் கணிப்பு அதனை மேலும் நுட்பமாக்கியுள்ளது. இரண்டாம் வழியில் கிடைப்பது பெரும்பாலும் குமிழ்கள் ஒரு நிலையில் இருந்தபோது எடுத்த நிழற்படமே. குமிழை வெகுதூரம் திருப்பினால் படம் மெய்யோடு ஒவ்வாது.

ஆம்ப்ளிபையரைவிட முக்கியமானது ஒலிபெருக்கிப் பெட்டி என்றே சொல்வோம். கிதார் ஒலிபெருக்கி 5,000 அதிர்வுக்கு மேற்பட்டவற்றை வெகுவாக வடிகட்டிவிடும். அவ்வடிகட்டல் இன்றித் திரிந்த அலையைக் கேட்டால் காதைக் கூசச் செய்யும். எனவே பெட்டி, அதன்முன் நின்ற ஒலிவாங்கி ஆகியவற்றின் தன்மையை ஒரே அளவீடாகப் பதிந்துவைத்து, மாடலர் அதனையும் கணக்கில் சேர்க்கிறது.

நாமும் இப்பெட்டியொன்றை இரவல் பெற்றுச் சில நாட்கள் முயன்றோம். முதல் நாள் ஒலி தேனீக்கூட்டத்தின் இரைச்சலாக இருந்தது. குற்றம் நம்முடையதே. மாடலரின் வெளியீட்டைச் சாதாரணக் கிதார் ஆம்ப்ளிபையரில் செருகியிருந்தோம். கணக்கில் ஓர் ஒலிபெருக்கி, கண்ணெதிரே இன்னோர் ஒலிபெருக்கி என்று இருமுறை வடிகட்டல் நிகழ்ந்தது. அதனைச் சரிசெய்த பின்னும் திரிபை மிகுதியாக வைத்திருந்தோம். பழைய இசைத்தட்டைக் கூர்ந்து கேட்டால், நாம் நினைப்பதைவிடத் திரிபு குறைவு என்பது விளங்கும். தடிமன் உரத்தினால் வந்தது. எனவே முன்பகுதியின் திரிபைக் குறைத்து, ‘மாஸ்டர்’ என்னும் கடைசிப் பகுதியின் குமிழை உயர்த்தி, பெட்டியின் வெளியீட்டு அளவைத் தாழ்த்தினோம். அப்போதுதான் சுரம் அமுங்கி மலர்ந்தது. மாடலரின் பட்டியலில் மார்ஷலின் பெயரை நீங்கள் காணாதிருக்கலாம். வியாபாரச் சின்னம் பிறருடையதாகையால், ‘பிரிட்டிஷ்’ என்பது போன்ற பெயரால் அது மறைந்திருக்கும்.

இன்னொன்று. மெல்லிய ஒலியில் நம் செவிக்கு மந்தர அதிர்வுகளும் மிக உயர்ந்த அதிர்வுகளும் குறைவாகவே கேட்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே அளந்து காட்டினர். படுக்கையறையில் மெல்லிய ஒலியில் இனிமையாக அமைத்த நாதம், மேடையில் உரத்து ஒலிக்கும்போது குமுறுவதும் கீச்சிடுவதும் இதனால்தான். எந்த உரத்தில் வாசிக்கப்போகிறோமோ அந்த உரத்திலேயே குமிழ்களை அமைக்க வேண்டும்.

கணக்கிடத் தாமதமாகாதா என்று கேட்கலாம். இன்றைய கருவிகளில் சில மில்லி விநாடிகளே ஆகின்றன. ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்லவும் ஏறக்குறைய மூன்று மில்லி விநாடி ஆகிறது. ஒலிபெருக்கியிலிருந்து ஓரிரு எட்டுத் தள்ளி நிற்பதற்கு ஒப்பான தாமதமே இது.

அப்படியாயின் குறையே இல்லையா? உண்டு. மாடலர் தருவது ஒலிவாங்கி கேட்ட ஒலியை. கிளாப்டன் அந்த அறையில் நின்று கேட்டது வேறு. அவர் உடலே அதில் அதிர்ந்திருக்கும். காதொலிப்பானை அணிந்து வாசிக்கையில், ஒலி திரும்பி வந்து கம்பியைத் தாக்குவதில்லை. நீண்ட சுரம் தன் போக்கில் மங்கிப்போகிறது. கணக்கால் இதனை ஈடுசெய்ய இயலாது, காற்று வேண்டும். நல்லதோர் ஒலிபெருக்கியை ஓரளவு உரத்தில் வைத்து, கிதாரை அதற்கு நேரே பிடித்து நெருங்கி அமர்ந்தால் ஓரளவு மீளக் கிடைக்கும்.

ஆனால் நம்மவர் வாழ்வது அடுக்குமாடிகளில். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரையறுத்துள்ளன. முழு உரத்தில் முழங்கும் மார்ஷல் பெட்டியோ அருகில் நிற்பவருக்கு நூறு டெசிபலைத் தாண்டும். மொழி தெரியாத ஊரில் அண்டை வீட்டாரின் நட்பு எவ்வளவு அருமையானது என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் காதொலிப்பானும், ஞாயிறு பகலில் சிறிது நேரம் ஒலிபெருக்கியும் என்று பிள்ளையோடு ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த ஞாயிறன்று, கிதாரிலேயே உள்ள ஒலிக்குமிழைச் சிறிது குறைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திரிபு விலகி, சுரம் தெளிந்து ஒலிக்க வேண்டும். மீண்டும் உயர்த்தினால் திரிபு மெல்லத் திரும்ப வேண்டும். நல்ல வால்வு ஆம்ப்ளிபையர் அவ்வாறே விடையளிக்கும். அந்தப் பெட்டியும் அவ்வாறு விடையளித்தால், கொடுத்த விலை வீணாகவில்லை.