இரவல் பெயரில் போன சலுகை

வரிச் சலுகை கோரும் சிறு வியாபாரிகள் பலர் விற்பனைக் கணக்கை மட்டுமே பார்க்கிறார்கள். பொதியிலுள்ள பெயரைப் பார்ப்பதில்லை. இதற்கு நான் சொல்லும் உதாரணம் ஒரு திருச்சி வழக்கு.

2017இல் ஜீ.எஸ்.டீ. வருமுன், இந்தியாவில் சிறு உற்பத்தியாளருக்குக் கலால் வரிச் சலுகை இருந்தது. பிறருடைய வியாபாரப் பெயரைப் பாவித்தால் பொதுவாக அது கிடையாது. பாக்கு உற்பத்தியாளரொருவர், அப்பெயர் வேறு வகைப் பொருளுக்கே பதிவானது என்று வாதாடித் தீர்ப்பாயத்தில் வென்றார். 2004இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: எப்பொருளுக்குப் பதிவாகியிருந்தாலும், பெயர் பிறருடையதெனில் சலுகை இல்லை.

“நானாவின் பெயர்தானே?” என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அந்தச் சட்டத்தில் நானாவும் பிறரே. எந்த நாட்டிலும் சலுகையின் அளவை அல்ல, அதன் நிபந்தனையையே முதலில் வாசியுங்கள்.